ஒன்பது பெட்டித் தரம்

அரபு உலகத்தின் கல்வி தன் முழுமையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அடைந்தது. இடம், கஃபர் அபூ சித்ரா புதிய தொடக்கப் பள்ளி. வரலாற்று ஆசிரியர்கள் பிற்காலத்தில் இதைப் பற்றித் தகராறு செய்யக்கூடாது என்பதற்காகவே நேரத்தைக் குறித்துச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில்தான் எங்கள் பள்ளியின் ஒன்பதாவது கோப்புப் பெட்டி நிரம்பி, மூடி சாத்தப்பட்டது. சாத்தியவன் நான்.

என் பெயர் பயூமி. இருபத்திரண்டு வருஷம் சமூகப் பாடம் நடத்தினேன். அதாவது, நைல் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்பதை இருபத்திரண்டு தடவை சொன்னேன். நதியும் பாதை மாறவில்லை, நானும் மாறவில்லை. பிறகு கல்விச் சீர்திருத்தம் வந்தது. என்னைக் கரும்பலகையிலிருந்து விடுதலை செய்து, பள்ளியின் 'தரப் பிரிவு'க்குத் தலைவனாக்கியது. நூலகத்திலிருந்து புத்தகங்களை அப்புறப்படுத்தி எனக்கு அறை ஒதுக்கினார்கள். பெட்டிகளை வைக்க அலமாரி வேண்டுமே.

சீர்திருத்தத்துக்கு முன்னால் நாங்கள் செய்துகொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சும்மா, ஒரு ஆதாரமும் இல்லாமல். ஆசிரியர் வகுப்புக்குள் போவார், பேசுவார், வெளியே வருவார். உள்ளே ஏதோ நடந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதை எந்தப் பெட்டியில் வைப்பது?

இப்போது அப்படி இல்லை. ஒரு பாடத்துக்கு ஐந்து தாள். பாடத் திட்டத்துக்கு ஒன்று, திட்டம் நிறைவேறியதற்கு ஒன்று, நிறைவேறியதைப் பற்றி மாணவர்கள் மகிழ்ந்ததற்கு ஒன்று, மகிழ்ச்சியை மேலும் மேம்படுத்துவதற்கு ஒன்று, மேம்படுத்தியதைத் தொடர்ந்து கவனித்ததற்கு ஒன்று. எங்கள் அரபுப் பாட ஆசிரியை அப்லா சுஹைர் (ஆசிரியைக்கு அப்லா, ஆண்களுக்கு உஸ்தாத் என்பது எங்கள் ஊர் மரியாதை), 'வாசிப்பு மேம்பாட்டுத் திட்டம்' என்ற தலைப்பில் நூற்று அறுபது பக்கம் எழுதினார். அதை எழுதி முடிக்க அந்த வருஷத்தின் வாசிப்பு வகுப்புகள் அத்தனையும் அவருக்குத் தேவைப்பட்டன. பிள்ளைகள் சத்தம் போடாமல் கை கட்டி உட்கார்ந்து ஒத்துழைத்தார்கள். அந்த ஒத்துழைப்புக்கும் நாலாம் பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே பள்ளியின் 'தொலைநோக்கு' இருந்தது. தலைநகரிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழு யாரிடம் வேண்டுமானாலும் அதைக் கேட்கும் என்று சுற்றறிக்கை சொன்னது. தலைமை ஆசிரியை அப்லா இன்ஷிராஹ் காவலாளியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

"தஸூகி, நம்ம பள்ளியோட தொலைநோக்கு என்ன?" என்று கேட்டேன்.

"கேட்டைச் சாத்தி வெக்கிறது, உஸ்தாத்."

"அது உன் வேலை. தொலைநோக்கு என்ன?"

"தூரத்துல அதிகாரி யாராவது வர்றாங்களான்னு பாத்துக்கிட்டே கேட்டைச் சாத்தி வெக்கிறது."

தஸூகிக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தோம். 'மனப்பாடம் செய்யாமல், தானே சிந்திக்கும் மாணவரை உருவாக்குவது.' இதுதான் எங்கள் தொலைநோக்கு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் இதை மனப்பாடம் செய்தார்கள். ஒரு சொல் விட்டவர்களுக்கு அப்லா இன்ஷிராஹ் தன் கையாலேயே பிரம்படி கொடுத்தார். தினமும் காலை அணிவகுப்பில் ஒலிபெருக்கி வைத்து, தொலைநோக்கையும் அதைத் தொடர்ந்து தரநிலைகளையும் ஒப்பிக்க வைத்தோம். 'தரநிலை ஒன்று, கட்டடம், சான்று' என்று ராகம் போட்டுச் சொல்லுவார்கள். தெருவில் கழுதை வண்டியில் தக்காளி விற்கிறவருக்குக்கூட ஆறு தரநிலை தெரிந்திருந்தது.

ஆனால் கட்டடம் என்ற அந்த முதல் தரநிலையிலேயே ஒரு சிறிய இடறல். ஒரு வகுப்பறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் எண்பத்து நாலு பேர். ஒரு பெஞ்சுக்கு நாலு பேர், மீதிப்பேர் ஜன்னல் திண்டில். அப்லா இன்ஷிராஹ் ஆசிரியர் கூட்டம் கூட்டினார். பெரிய மனசும் தெளிந்த மூளையும் உள்ள பெண்மணி அவர்.

"கட்டடத்தைப் பெருசாக்க நம்மால முடியாது. பிள்ளைங்களைச் சின்னதாக்கவும் முடியாது" என்றார். "எண்ணிக்கை மட்டும்தான் நம்ம கையில இருக்கு. எண்பத்து நாலை ரெண்டால வகுங்க."

"நாப்பத்திரண்டு" என்றார் கணக்கு ஆசிரியர்.

"அவ்வளவுதான். பாதிப்பேர் வீட்டுல இருக்கட்டும். குழு வந்துட்டுப் போற வரைக்கும்."

எந்தப் பாதி என்பதைத் தரப் பிரிவு முடிவு செய்தது. வாசிக்கத் தெரியாதவர்கள், சீருடையில் ஒட்டுப் போட்டவர்கள், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். மூன்றையும் கூட்டினால் சரியாக நாற்பத்திரண்டு வந்தது. அவர்களுக்கு 'வீடுசார் கற்றல் குழு' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயருக்காக அப்லா இன்ஷிராஹ் எனக்கு ஒரு கிளாஸ் டீ வரவழைத்தார். வருகைப் பதிவேட்டில் அவர்கள் எல்லாரும் தினமும் வந்ததாகவே எழுதினோம். வரவில்லை என்று எழுதினால் வருகை விழுக்காடு குறைந்து ஏழாம் பெட்டி கெட்டுவிடும்.

பள்ளிக்கு எதிரே தஃமிய்யா வடை வண்டி போட்டிருக்கும் உம்மு நவ்வாரா மறுநாள் காலையிலேயே கேட்டுக்கு வந்து நின்றார். அவர் மகள் நவ்வாரா அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி. மேலே சொன்ன மூன்று காரணங்களும் அவளுக்குப் பொருந்தின.

"உஸ்தாத், எம்புள்ளையை எதுக்கு வெளியே நிறுத்தியிருக்கீங்க? என்ன தப்பு பண்ணா?"

"தப்பு ஒண்ணுமில்ல. அவ வீடுசார் கற்றல் குழுவுக்குத் தேர்வாகியிருக்கா."

"வீட்டுல யாரு இருக்கா கத்துக்குடுக்க? அவ அப்பா லிபியாவுக்குப் போனவரு போனவருதான். எனக்கு அலிஃபும் தெரியாது, அதுக்குப் பக்கத்துல நிக்கிறதும் தெரியாது."

"நாலு நாளுதான், உம்மு நவ்வாரா. குழு வந்துட்டுப் போயிடும்."

"அஞ்சாம் வகுப்பு வந்துட்டா உஸ்தாத். மருந்து பாட்டிலைக் குடுத்து இதுல எத்தனை கரண்டின்னு போட்டிருக்குன்னு கேட்டா, வாசனை பாத்துச் சொல்றா. போன மாசம் தம்பிக்குக் கண்ணு மருந்தைக் காதுல ஊத்திட்டோம்." அவர் எண்ணெய்க் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டார். "அப்லா ஸாமியாவோட வாசிப்புக் குழுவுல எடம் வேணும். அவங்க இந்த ஜூனோட ஓய்வு. அதுக்கப்புறம் யாரு இருக்கா?"

அவர் சொன்னது சரிதான். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அப்லா ஸாமியா வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழு நடத்துவார். இருபது இடம். போன வருஷம் அதில் உட்கார்ந்த பிள்ளைகள் ஏழு வாரத்தில் வாசித்தார்கள். எப்படி வாசித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்லா ஸாமியா தாள் எதுவும் நிரப்பித் தருவதில்லை. தரப் பிரிவின் பார்வையில் அப்படி ஒரு குழு நடந்ததே இல்லை. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு, அதன் முடிவில் பொதுத் தேர்வு. வாசிக்கத் தெரியாமல் அதற்குள் போகிற பிள்ளை அதோடு நின்றுவிடும். வண்டிக்கு இன்னொரு ஆள் கிடைத்த மாதிரி.

"பட்டியல்ல முதல் பேரா நவ்வாரா பேரை எழுதுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

"அல்லாஹ் உங்க கையை நல்லா வெக்கட்டும். மறந்தீங்கன்னா இந்தக் கேட்டுலயே வண்டியை நிறுத்துவேன்."

நாலு நாள் என்று சொன்னது எனக்குக் கிடைத்த தகவல். குழுவின் வருகை முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பிறகு அடுத்த புதனுக்கு. பிறகு மணல் காற்று என்றார்கள். பிறகு வாகனம் பழுது. மொத்தம் இருபத்து மூன்று பள்ளி நாட்கள். வீடுசார் கற்றல் குழு எங்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து கால் ஆட்டியபடி காலை அணிவகுப்பைக் கேட்டது. நவ்வாரா, நான் தூக்கிப்போட்ட வரைவுத் தாள்களைக் கூம்பாகச் சுற்றி அதில் சூடான தஃமிய்யா போட்டுக் கொடுத்தாள். 'மாணவர் மையக் கற்பித்தல்' என்ற என் கட்டுரையின் மூன்றாம் பக்கம் எனக்கே எண்ணெயோடு திரும்பி வந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் பிள்ளைகள் தரநிலைகளை ஒப்பிக்கும்போது அவளும் வண்டிக்குப் பின்னால் நின்று, வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். அவ்வளவு சுத்தமான ஞாபகம் உள்ள பிள்ளையை நான் பார்த்ததில்லை. நான் அதைப் பெருமையாகவே நினைத்தேன். தரம் கேட்டைத் தாண்டிப் பரவுகிறது என்று ஒரு தாள்கூட எழுதி வைத்தேன்.

கடைசியில் குழு வந்தது. அதற்கு முந்தின சாயங்காலமே, அரை லாரி என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியும் வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு கணினி அறைதான் உண்டு. அது அரை லாரியில் ஏறி, மதிப்பீடு நடக்கிற பள்ளிக்கெல்லாம் போய்வரும். கூடவே ஆறு ரப்பர் செடி, ஒரு மனித எலும்புக்கூடு, பத்து மீட்டர் நீலத் திரைச்சீலை. வகுப்பறைச் சுவரில் வண்ணம் இன்னும் காயவில்லை. பிள்ளைகளைச் சாயக்கூடாது என்று எச்சரித்து நிமிர்ந்து உட்கார வைத்தோம். குழுத் தலைவி டாக்டர் புஸைனா அந்த நிமிர்ந்த முதுகுகளைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனார்.

தாழ்வாரத்தில் மட்டும் ஒரு நொடி நின்றார். "இந்தச் செடியை எங்கேயோ பாத்திருக்கேனே."

"தரமான செடி எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும், டாக்டர்" என்றார் அப்லா இன்ஷிராஹ்.

டாக்டர் புஸைனா அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் போய், வருகைப் பதிவேட்டைத் திறந்து, கண்ணை மூடி ஒரு பெயர்மேல் விரல் வைத்தார். இது அவர்களுடைய விஞ்ஞான முறை.

"நவ்வாரா அப்துல் முஇஸ். எழுந்து வாசிம்மா."

வகுப்பில் ஒரு ஈகூடப் பறக்கவில்லை. வண்ண வாசனைக்கு அவையும் போய்விட்டிருந்தன. நவ்வாரா அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு டாக்சி ஓட்டுநருக்குக் கத்திரிக்காய் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்லா இன்ஷிராஹ் புருவத்தை அரை அங்குலம் உயர்த்தினார். அப்லா சுஹைரின் சொந்த மகள் லோஜைன் எழுந்து நின்றாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்றரைப் பக்கம் ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தாள்.

"நவ்வாரா, யாரும்மா உனக்கு இவ்வளவு அழகா வாசிக்கச் சொல்லிக்குடுத்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"வாசிப்பு மேம்பாட்டுத் திட்டம், டாக்டர்" என்றாள் லோஜைன்.

'நவ்வாரா அப்துல் முஇஸ், வாசிப்பு: மிகச் சிறப்பு.' ஐந்தாம் பெட்டி, தாள் நூற்றுப் பன்னிரண்டு. மூன்று கையெழுத்தும் ஒரு நீல முத்திரையும். லோஜைன் அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை என்று பதிவேட்டில் திருத்தினோம். அவள் அம்மா அதற்காக இன்னமும் என்னோடு பேசுவதில்லை. மதியம் அரை லாரி எலும்புக்கூட்டை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பியது. மறுநாள் எண்பத்து நாலு பேரும் உள்ளே வந்தார்கள். பாதிப்பேர் முதுகில் சுவர் வண்ணம் ஒட்டியது.

நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. வாசிப்புக் குழுவின் பட்டியலில் முதல் பெயராக நவ்வாராவை எழுதி, கையெழுத்துக்காக அப்லா இன்ஷிராஹிடம் கொண்டுபோனேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இது என்ன பயூமி? இந்தப் பொண்ணு மிகச் சிறப்புன்னு தலைநகரம் எழுதியிருக்கு. இவளை வாசிக்கத் தெரியாதவங்க பெஞ்சுல உக்கார வெச்சா, தலைநகரம் பொய் சொல்லுதுன்னு ஆகும்."

"அப்லா, தலைநகரம் கேட்டது வேற பொண்ணு வாசிச்சதை."

"அதை எந்தப் பெட்டியில வெச்சிருக்கீங்க?"

நான் ஒன்பது பெட்டியையும் மனசுக்குள் திறந்து பார்த்தேன். எதிலும் இல்லை. பெட்டியில் இல்லாதது நடக்கவில்லை என்பது நானே சுவரில் எழுதி மாட்டிய விதி. சிவப்புக் கோடு விழுந்தது. நான் படி இறங்கி, தெருவைக் கடந்து, வண்டிக்குப் போனேன்.

உம்மு நவ்வாரா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே எண்ணெயில் கிடந்த தஃமிய்யாவை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்.

"நல்லா இருக்கே. எம்புள்ளை வெளியே நின்னுக்கிட்டே உள்ளே வாசிச்சிருக்கா. அப்போ அவளை இனிமே உள்ளே அனுப்பவே வேணாம் போலிருக்கு. வெளியேவே நிக்கட்டும், டாக்டர் ஆயிடுவா."

"நான் என்ன பண்ண முடியும், உம்மு நவ்வாரா? ஆவணம் அப்படி இருக்கு."

"ஆவணத்தைக் கூட்டிட்டுப் போய் அந்த பெஞ்சுல உக்கார வெக்காதீங்க. புள்ளையை வெச்சா போதும்."

நவ்வாரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பதினொரு வயது. அவள் முன்னால் நான் தலை குனிந்து நின்றேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பத்து நாளில் தரச் சான்றிதழ் வந்துசேர்ந்தது. அதைப் பள்ளிக்கு வழங்கும் விழாதான் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை நடந்தது. முற்றத்தில் பந்தல், பூ, ஒலிபெருக்கி. மாவட்டக் கல்வி இயக்குநர் உஸ்தாத் ஷவ்கத் தானே வந்தார். மதிப்பீட்டு அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலொப்பம் போட்டவர் அவர். லோஜைன் பூத்தட்டோடு மேடையில் நின்று, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, அவரை வரவேற்றாள். அது ஒரு பிழை என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்தச் சான்றிதழை நான் வாசிக்கப்போறதில்ல. கல்விங்கிறது மாணவருக்கு உரியது. அதனால மாணவரே வாசிக்கட்டும். அறிக்கையில ஒரு பேரைப் பாத்தேன், மிகச் சிறப்புன்னு போட்டிருக்கு. நவ்வாரா அப்துல் முஇஸ் எங்கேம்மா?"

அப்லா இன்ஷிராஹ் புருவத்தை உயர்த்தினார். லோஜைன் பூத்தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரே மேடையில் ஒருத்தி இரண்டு பேராக இருப்பதற்கு எங்களிடம் படிவம் இல்லை. நவ்வாரா அன்றைக்கும் மதில்மேல்தான் இருந்தாள், விழாவுக்காக வீடுசார் கற்றல் குழுவை மறுபடி ஒருநாள் கூட்டியிருந்தோம். ஒலிபெருக்கியின் குரல் தெருவுக்குக் கேட்டது. உம்மு நவ்வாரா அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். தஸூகி தொலைநோக்கை மறந்து கதவைத் திறந்துவிட்டான்.

பிள்ளை மேடை ஏறினாள். அவள்மேல் கொத்தமல்லியும் எண்ணெயும் மணத்தன. இயக்குநர் சான்றிதழைக் கையில் கொடுத்தார். அவள் கண் தாளில் எந்த இடத்திலும் நிற்காமல் மேலும் கீழும் அலைந்தது. நான் பக்கத்தில் போய், வாயைக் கையால் மறைத்தபடி, "தொலைநோக்கை ஒப்பிச்சுட்டு எறங்கிடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளை முகத்துக்கு நேராக உயர்த்தி, அணிவகுப்பில் ஒப்பிக்கும் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"கஃபர் அபூ சித்ரா புதிய தொடக்கப் பள்ளிக்கு இதனால் தெரிவிக்கப்படுவது. தரநிலை ஒன்று, கட்டடம். வகுப்பில் நாங்கள் எண்பத்து நாலு பேர். நாற்பத்திரண்டு பேர் இருபத்து மூன்று நாள் மதில்மேல் இருந்தோம். சான்று, என் அம்மாவின் வண்டி.

"தரநிலை இரண்டு, ஆசிரியர். அப்லா சுஹைர் எழுதிக்கொண்டே இருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். சான்று, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது.

"தரநிலை மூன்று, கணினி. சாயங்காலம் வந்தது, மறுநாள் மதியம் போய்விட்டது. சான்று, அரை லாரி.

"தரநிலை நான்கு, மாணவர். நவ்வாரா என்ற பெயரில் லோஜைன் வாசித்தாள். லோஜைன் நன்றாக வாசிப்பாள், அவளுக்கு அவள் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார். வாசிப்புக் குழுவில் நவ்வாராவுக்கு ஒரு இடம் தருவதாக உஸ்தாத் பயூமி சொன்னார். தரவில்லை. சான்று."

இந்த இடத்தில் நிறுத்தினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது.

"சான்று இல்லை" என்று முடித்தாள்.

இயக்குநர் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் நாலே வரி வாழ்த்தும் ஒரு முத்திரையும் இருந்தன. பிறகு தன் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். 'மிகச் சிறப்பு' என்ற சொல்லுக்குக் கீழே தன் மேலொப்பத்தைப் பார்த்தார். அதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உஸ்தாத் பயூமி, தரப் பிரிவுத் தலைவர் நீங்கதானே? பொண்ணு வாசிச்சது இதுல இருக்கிறதைத்தானே?"

நான் யோசித்தேன். இல்லை என்றால், மிகச் சிறப்பு என்று தலைநகரம் சொன்ன பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. அப்புறம் ஐந்தாம் பெட்டி பொய், ஐந்து பொய்யென்றால் ஒன்பதும் பொய், கீழே போட்ட கையெழுத்து எல்லாம் பொய். ஆமாம் என்றால், அவள் சொன்ன அத்தனையும் முத்திரையோடு தலைநகரமே எழுதி அனுப்பியது. இயக்குநரின் கண்ணில் இரண்டு வழியும் தெளிவாகத் தெரிந்தது. எது தனக்கு வசதி என்பதும் தெரிந்தது.

"எழுத்துக்கு எழுத்து, ஐயா" என்றேன்.

அவர் மூச்சு விட்டார். "உச்சரிப்பு சுத்தம். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தினா."

"ஐயா, அதோட பொருள்..." என்று அப்லா இன்ஷிராஹ் ஈனக்குரலில் இழுத்தார்.

"பொருள் இந்தத் தரநிலையில வராது, அப்லா."

அவர் கை தட்டினார். மேடை தட்டியது. பந்தல் தட்டியது. மதில்மேல் இருந்த நாற்பத்தோரு பேர் மற்றவர்கள் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 'மாணவி நவ்வாரா சான்றிதழைப் பிழையின்றி வாசித்தார்' என்று விழாக் குறிப்பு எழுதினேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம். அதை ஒன்பதாம் பெட்டியில் வைத்து மூடி சாத்தும்போது மணி பதினொன்று இருபது.

விழா முடிந்து இயக்குநரின் வண்டி போனதும் உம்மு நவ்வாரா மகளோடு என் அறைக்கு வந்தார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"உஸ்தாத், வாசிப்புக் குழு ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது. எடம் குடுக்கச் சொல்லுங்க."

"இப்போ இன்னும் கஷ்டம், உம்மு நவ்வாரா. இயக்குநர் முன்னாடியே வாசிச்சுட்டா. பதினொரு கையெழுத்து விழுந்தாச்சு."

"சரி. நான் சண்டைக்கு வரல. ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க. எம்புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க, எடம் கேட்டு வாங்கிக்கறேன். இல்லேன்னா அவ வாசிச்சது அத்தனையும் நெசம்னு எழுதுங்க, அதை எங்கே கொண்டுபோகணுமோ அங்கே கொண்டுபோறேன்."

"ரெண்டும்..."

"ரெண்டும் முடியாதுன்னு சொல்லாதீங்க. இந்த அறையில இத்தனை பெட்டி இருக்கு. இதெல்லாம் நீங்கதானே எழுதினீங்க?"

நான்தான் எழுதினேன். ஒரு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தாள். நடக்காத பாடத்துக்கு எழுதினேன், வராத பிள்ளைக்கு எழுதினேன், போய்விட்ட கணினிக்குப் பராமரிப்பு அறிக்கை எழுதினேன். ஒரு தடவையும் பேனா தயங்கியதில்லை. இப்போது இந்த அம்மாள் கேட்கும் இரண்டு வரியும் உண்மை. அதுதான் சிக்கல். தரப் பிரிவில் அறுபத்தெட்டு வகைப் படிவம் இருக்கிறது. உண்மையை எழுத ஒன்றுகூட இல்லை.

அதனால் வெள்ளைத் தாளில் எழுதினேன். இதுவரைக்கும் நீங்கள் படித்ததுதான் அது. இரண்டையும் எழுதியிருக்கிறேன், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதை அப்லா இன்ஷிராஹின் மேசையில் வைத்தால் நவ்வாராவுக்கு பெஞ்சில் ஒரு இடம் கிடைக்கும், எனக்கு இருக்கிற இடம் போகும். இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்று நினைக்கிறேன். அம்மாளும் மகளும் நான் எழுதி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வரவழைத்த டீ ஆறிவிட்டது.

இப்போது இந்தத் தாள்களை அந்த அம்மாளிடம் நீட்டுவேன். அவர் வாங்கி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருக்கிற எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல, மகளிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறார் என்று பார் என்பார். இதில் எத்தனையோ இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஒன்றைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சாதிக்க எங்களுக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.